கொலேஜ் கதை

பாரிசிலோ சுற்றியுள்ள புறநகர்களிலோ பத்து வயதுப் பிள்ளை வைத்திருக்கிற தமிழ்க் குடும்பம் எதையாவது சந்தித்தால், சுகம் விசாரித்து முடிந்த கையோடு வருகிற கேள்வி "பிள்ளைக்கு எந்தக் கொலேஜ் விழுந்திருக்கு?" என்பதுதான். "எந்தக் கொலேஜுக்கு அனுப்பப் போறியள்?" என்று யாரும் கேட்பதில்லை. விழுகிறதுதான். லொத்தர் விழுகிற மாதிரி. வீட்டு விலாசம் எந்தத் தெருவில் இருக்கிறதோ அதை வைத்து ஒரு கொலேஜ் விழும். தெருவின் இந்தப் பக்கம் ஒன்று, மற்றப் பக்கம் வேறொன்று.

கனடா, லண்டன் ஆக்களுக்காக ஒரு சின்ன விளக்கம். எங்கட ஊரில் கொலிஜ் என்றால் யாழ் இந்து, வேம்படி, பரியோவான் என்று பெருமையாகச் சொல்லுகிற சங்கதி. இங்கே கொலேஜ் என்பது நடுநிலைப் பள்ளி. பதினொரு வயதில் இருந்து பதினைந்து வரை. வகுப்புகள் தலைகீழாக எண்ணப்படும்: ஆறாம் வகுப்பில் தொடங்கி மூன்றாம் வகுப்பில் முடியும். முடிவில் பிரெவே என்றொரு சோதனை. நாட்டில் நூற்றுக்கு 85ஐ ஒட்டிய பிள்ளைகள் அதில் சித்தியடைகிறார்கள், ஆகவே அது ஒரு பெரிய கண்டம் இல்லை. கண்டம் அதற்குப் பிறகு வருகிறது. பொது லிசேயா, தொழில் லிசேயா என்று பிரிக்கிற இடம் அது. பதினைந்து வயதில் எழுதப்படுகிற தலையெழுத்து.

என்ர மகளுக்கு அடுத்த செப்டெம்பரில் ஆறாம் வகுப்பு. அதனால்தான் சில மாதங்களாக வேலை முடிந்து வந்து இரவு ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இதைப்பற்றித் தேடித்தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். படித்ததைச் சும்மா வைத்திருக்காமல் எழுதலாம் என்று நினைத்தேன். கனபேருக்கு இந்தக் கொலேஜ் எப்படி வந்தது என்று தெரியாது. எனக்கும் பதினைந்து வருடமாகத் தெரியாது.

பிரெஞ்சுக்காரர் "எங்கட பள்ளி எல்லாருக்கும் சமம்" என்று அடிக்கடி சொல்லுவார்கள். ஜூல் ஃபெரி 1881இல் ஆரம்பப் பள்ளியை இலவசமாக்கினார், 1882இல் ஆறு வயதில் இருந்து பதின்மூன்று வரை கட்டாயமாக்கினார். அது உண்மை. ஆனால் அந்தக் காலத்தில் இரண்டு பள்ளிகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. சாதாரண சனத்தின் பிள்ளைகள் ஆரம்பப் பள்ளிக்குப் போய் ஒரு சான்றிதழ்ச் சோதனை எடுத்துவிட்டு வயலுக்கோ தொழிற்சாலைக்கோ போனார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் சின்ன வயதிலேயே லிசேக்குள் இருந்த தனி வகுப்புகளில் காசு கட்டிப் படித்தார்கள். ஒரே வயதுப் பிள்ளைகள் இரண்டு தண்டவாளத்தில் ஓடினார்கள், சந்தி என்று ஒன்று இல்லை. லிசேயின் கட்டணம் முழுதாக ஒழிந்தது 1930களின் தொடக்கத்தில்தான். 1936இல் ஜோன் ஸே என்ற இளம் கல்வி அமைச்சர் கட்டாயக் கல்வியைப் பதினான்கு வயது வரை உயர்த்தினார். (இந்த மனுசனை 1944 ஜூனில், நாஜிகளோடு சேர்ந்த பிரெஞ்சுத் துணைப்படையினர் சிறையில் இருந்து கூட்டிக்கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றார்கள். 2015இல் பாந்தெயோனில் வைத்தார்கள். இவருடைய பெயரில் ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் இருக்கிறது. பெயரை வாசித்துவிட்டுத் தாண்டிப் போகிறோம்.)

1959இல் பதினாறு வயதாக்கினார்கள். 1963இல் ஃபூஷே என்ற அமைச்சரின் காலத்தில், எல்லாப் பிள்ளைகளையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவருகிற புதுக் கொலேஜ் உருவாகியது. கூரை ஒன்றுதான். உள்ளே மூன்று வழி: லிசேக்குப் போகிற வழி, குறுகிய படிப்பு வழி, கையால் வேலை செய்யப் போகிறவர்களுக்கான வழி. வாத்திமாரும் மூன்று வகை. எந்தப் பிள்ளை எந்த வழிக்குப் போனது என்று நான் சொல்லத் தேவையில்லை. இதே 1963இல்தான் வீட்டு விலாசத்தை வைத்துப் பள்ளியைத் தீர்மானிக்கிற கார்த் ஸ்கொலேர் முறையும் வந்தது. அது அப்போது சமத்துவத்துக்காக வந்தது இல்லை. எங்கே எத்தனை பிள்ளைகள், எத்தனை வாத்திமார், எத்தனை கதிரை என்று கணக்குப் போட வந்த நிர்வாக ஏற்பாடு. பிற்காலத்தில்தான் அதை ஒரு கொள்கையாகப் பேசத் தொடங்கினார்கள்.

பிள்ளைகள் பெருகினார்கள். கட்டிடம் போதவில்லை. அந்தப் பத்து வருடத்தில் நாளுக்கு ஒரு கொலேஜ் என்ற வேகத்தில் நாடு முழுக்கக் கட்டினார்கள். இரும்புச் சட்டங்களை ஏற்றிவந்து பொருத்தி மாதக் கணக்கில் முடிக்கிற கட்டிடங்கள். பாரிஸ் 19ஆம் வட்டாரத்தில், பொலிவார் மெத்ரோவுக்குக் கிட்ட, எதுவார் பய்ரோன் தெருவில் இருந்த கொலேஜும் அப்படிக் கட்டியதுதான். 1973 பெப்ரவரி 6ஆம் திகதி பின்னேரம் அங்கே தீப்பிடித்தது. உள்ளே சங்கீத வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கட்டிடம் நிமிடக் கணக்கில் எரிந்து விழுந்தது. இருபது பேர் இறந்தார்கள், அதில் பதினாறு பேர் பிள்ளைகள். தீ வைத்தது அதே பள்ளியில் படித்த இரண்டு பெடியள். ஆனால் ஒரு பள்ளிக்கூடம் ஏன் தீப்பெட்டி மாதிரி எரிந்தது என்ற கேள்விதான் நாட்டை உலுக்கியது. அதற்குப் பிறகுதான் பள்ளிக் கட்டிடங்களின் தீப் பாதுகாப்பை ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கினார்கள். அந்தத் தெருவுக்குப் பக்கத்தில் நான் மூன்று வருடம் ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவியிருக்கிறேன். தினமும் நடந்து போன தெரு. ஒருவரும் சொல்லவில்லை. பய்ரோன் கொலேஜ் இந்தக் கதையில் பிறகும் வரும், பெயரை ஞாபகம் வைத்திருங்கள்.

அந்த மூன்று வழியையும் மூடியது 1975 ஜூலை 11ஆம் திகதிச் சட்டம். ரெனே அபி என்ற அமைச்சர் கொண்டுவந்தது. எல்லாருக்கும் ஒரே கொலேஜ், ஒரே வகுப்பு, ஒரே பாடம். 1977 செப்டெம்பரில் ஆறாம் வகுப்பில் இருந்து நடைமுறைக்கு வந்தது. இடதுசாரிகளும் திட்டினார்கள், வலதுசாரிகளும் திட்டினார்கள், வாத்திமாரும் திட்டினார்கள். ஐம்பது வருடமாகத் திட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

இங்கே ஒரு விடயத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். 1974 ஜூலையில் பிரான்ஸ் வெளிநாட்டுத் தொழிலாளர்களை எடுப்பதை நிறுத்தியது. 1976இல் ஏற்கனவே வந்தவர்கள் குடும்பத்தைக் கூப்பிடுவதற்கு ஒரு ஒழுங்கு செய்தது. கொலேஜ் எல்லாருக்குமானதாக மாறிய அதே வருடங்களில் அல்ஜீரிய, மொரோக்க, போர்த்துக்கேயத் தொழிலாளிகளின் பிள்ளைகள் அந்த வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். வசதியான வெள்ளைக்காரக் குடும்பம் அதே வாசலால் வெளியே போகத் தொடங்கியதும் அப்போதுதான். போகிறதுக்கு இடம் தயாராக இருந்தது. 1959 டிசம்பரில் நிறைவேறிய தெப்ரே சட்டத்தின்படி, ஒப்பந்தம் செய்துகொண்ட தனியார் பள்ளிகளின் வாத்திமாருக்கு அரசாங்கமே சம்பளம் கொடுக்கிறது. அநேகமானவை கத்தோலிக்கப் பள்ளிகள். பெற்றோர் கொஞ்சக் காசு கட்டினால் போதும். கார்த் ஸ்கொலேர் இவர்களுக்கு இல்லை. யாரை எடுக்கிறது, யாரை விடுகிறது என்று பள்ளியே தீர்மானிக்கலாம். இன்றைக்குப் பாரிஸ் நகருக்குள் கொலேஜ் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் கூட இந்தத் தனியார் பள்ளிகளில்தான் இருக்கிறார்கள்.

1981இல் மித்தரோன் வந்தார். அவருடைய கல்வி அமைச்சர் அலன் சவாரி ஜூலை 1ஆம் திகதி ஒரு சுற்றறிக்கை விட்டார். கல்வி முன்னுரிமை வலயம். குறைய இருக்கிற இடத்துக்குக் கூடக் கொடுப்பது என்ற யோசனை. எல்லாருக்கும் ஒரே அளவு கொடுப்பதுதான் சமத்துவம் என்று நூறு வருடமாகச் சொல்லிவந்த நாட்டில் அது பெரிய திருப்பம். 1982இல் 363 வலயங்கள் அறிவிக்கப்பட்டன. எந்த இடத்தை வலயமாக்குவது என்று பார்க்கிற அளவுகோல்களில் வெளிநாட்டுப் பிள்ளைகளின் வீதமும் இருந்தது. (இதே சவாரி 1984இல் தனியார் பள்ளிகளையும் அரச அமைப்புக்குள் கொண்டுவரப் பார்த்தார். அந்த ஜூனில் பாரிசில் பத்து இலட்சத்தை ஒட்டிய சனம் எதிர்த்து ஊர்வலம் போனது. சட்டத்தை வாபஸ் வாங்கினார்கள். சவாரி பதவியை விட்டுப் போனார். அதற்குப் பிறகு வந்த அமைச்சர் எவரும் அந்தப் புற்றுக்குள் கையை முழுசாக விடவில்லை.)

இந்த இடத்தில் எங்கட ஆக்களுக்கு ஒரு நெருடல் வரவேண்டும். எனக்கு வந்தது.

தரப்படுத்தல். எங்கட வீடுகளில் இந்தச் சொல்லைக் கேட்காமல் வளர்ந்த ஒருவரும் இருக்கமுடியாது. 1971இல் பேராதனையில் பொறியியல் படிக்கத் தமிழ் மொழிமூல மாணவனுக்கு 400க்கு 250 புள்ளி வேண்டியிருந்தது, சிங்கள மொழிமூல மாணவனுக்கு 227. மருத்துவத்துக்கு 250, 229. பிள்ளைகளை இனமாகப் பிரித்து எண்ணினால் என்ன நடக்கும் என்பதற்கு எங்களிடம் இருக்கிற சாட்சி அது. அதிலிருந்து எங்கே போய் முடிந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் கதையின் மற்றப் பாதியை யாழ்ப்பாணத்தார் குறைவாகத்தான் சொல்லுவார்கள். மொழியை வைத்துப் பிரித்தது பெரிய அநியாயம். 1974இல் அதனோடு மாவட்ட ஒதுக்கீடு வந்தது. அது யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளை வெட்டியது. அதே நேரம் ஒரு ஆய்வுகூடம் இல்லாத, இரசாயன வாத்தியார் இல்லாத மன்னாரிலும் வன்னியிலும் மட்டக்களப்பிலும் இருந்த பிள்ளைகளுக்கு ஒரு சின்னக் கதவைத் திறந்தது. நான் முல்லைத்தீவு. 2004இல் யாழ் பல்கலைக்கழகத்துக்குள் போனது அந்தக் கதவால்தான். என்னோடு படித்த யாழ்ப்பாணத்துப் பெடியன் ஒருவன் "நீங்கள் கோட்டாவில வந்தனீங்கள்தானே" என்று சிரித்துக்கொண்டு சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டியதோடு என்ர படிப்பும் பூட்டுப்பட்டது, அது வேறு கதை.

ஆக, பிள்ளைகளை எதை வைத்து எண்ணுவது என்ற கேள்வி எனக்குப் புத்தகக் கேள்வி இல்லை. இனத்தை வைத்து எண்ணியது எங்களை நாட்டை விட்டுத் துரத்தியது. இடத்தை வைத்து எண்ணியது என்னைப் பல்கலைக்கழகத்துக்குள் விட்டது. இரண்டும் ஒரே அரசாங்கத்தின் கணக்குத்தான்.

பிரான்ஸ் இனத்தை எண்ணுவதில்லை. எண்ணக் கூடாது என்பது இங்கே கிட்டத்தட்ட ஒரு மதம். 1978ஆம் ஆண்டின் தரவுச் சட்டம் அதைத் தடுக்கிறது. 2007இல் ஒரு குடிவரவுச் சட்டத்துக்குள் இன மூலத்தைக் கணக்கெடுக்க வழி செய்கிற பிரிவொன்றைச் செருகினார்கள். அதே வருடம் நவம்பர் 15ஆம் திகதி அரசியலமைப்புச் சபை அதை வெட்டிவிட்டது. பிறப்பு, இனம், மதம் என்ற வேறுபாடில்லாமல் எல்லாக் குடிமக்களும் சமம் என்று அரசியலமைப்பின் முதலாவது பிரிவு சொல்கிறது என்பது காரணம். விஷி ஆட்சிக் காலத்தில் யூதர்களைப் பதிவேட்டில் எழுதி வைத்திருந்ததால் பிடித்துக் கொடுப்பது எவ்வளவு சுகமாக இருந்தது என்பது இந்த நாட்டின் ஞாபகத்தில் இருக்கிறது. 83இல் கொழும்பில் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்தவர்களை அறிந்த நாங்கள் அதைப் பிழை என்று சொல்லமுடியாது.

ஆனால் எண்ணாமல் விட்டால் என்ன நடக்கும்? ஒருவருக்கும் ஒன்றும் தெரியாமல் போகும். இல்லை, எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஜோர்ஜ் ஃபெலூஸிஸ் என்ற சமூகவியலாளர் ஒரு சுத்துவழி கண்டுபிடித்தார். போர்தோ கல்விப் பிரதேசத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட கொலேஜ்களின் பிள்ளைகளை எடுத்து, அவர்களுடைய முதற்பெயரை வைத்துப் பிரித்துப் பார்த்தார். 2003இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, நூற்றுக்குப் பத்துக் கொலேஜ்களுக்குள் மட்டும், மக்ரெப், கறுப்பு ஆபிரிக்கா, துருக்கி வழிவந்த பிள்ளைகளில் நூற்றுக்கு நாற்பது பேர் அடைந்து கிடந்தார்கள். போர்தோ என்றால் வைன் போத்தல், பெரிய கலவரம் ஒன்றும் இல்லாத அமைதியான ஊர். அங்கேயே இப்படி. இரண்டு வருடம் கழித்து அவரும் கூட ஆய்வு செய்தவர்களும் போட்ட புத்தகத்துக்கு வைத்த பெயரில் அபார்தைட் என்ற சொல் இருந்தது. அதே 2005ஆம் ஆண்டு ஒக்ரோபரில் கிளிஷி-சு-புவாவில் இரண்டு பெடியள் பொலிசுக்குப் பயந்து மின்மாற்றி நிலையத்துக்குள் ஒளிந்து செத்தார்கள். புறநகர்கள் மூன்று கிழமை எரிந்தன.

அதற்கு முன்னரே, 1996இல், வலே, கை என்ற இரண்டு ஆய்வாளர்கள் இன்னொரு கணக்குப் போட்டிருந்தார்கள். அவர்கள் பார்த்தது 1989இல் ஆறாம் வகுப்புக்குள் போன பிள்ளைகளை. குடியேறிகளின் பிள்ளைகள் படிப்பில் பின்னுக்கு நிற்கிறார்கள் என்பது மேலோட்டமான உண்மை. ஆனால் தகப்பனின் வேலை, தாயின் படிப்பு, பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாம் ஒரே மாதிரியான குடும்பங்களை ஒப்பிட்டால், குடியேறிகளின் பிள்ளைகள் கொலேஜில் குறைவாகச் செய்யவில்லை. பொது லிசேக்குப் போகிற சாத்தியம் அவர்களுக்குக் கூடவே இருந்தது. பெற்றோருக்கு இருக்கிற ஆசைதான் காரணம் என்று விளக்கினார்கள். தமிழ்ச் சனத்துக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. புதன்கிழமை டியூசன், சனிக்கிழமை தமிழ்ச் சோலை, ஞாயிறு கணக்கு, மிச்ச நேரம் வயலின்.

எங்கட பிள்ளைகள் எப்படிச் செய்கிறார்கள் என்று ஒரு எண் கேட்டால் கிடையாது. தேசியப் புள்ளிவிபர நிறுவனமும் மக்கள்தொகை ஆய்வு நிறுவனமும் 2008இலும் 2019இலும் பெரிய கணக்கெடுப்புகள் தொடங்கினார்கள். பெற்றோர் பிறந்த நாட்டைக் கேட்பது சட்டப்படி சரி. அதில் தென்கிழக்கு ஆசியப் பிள்ளைகள் முன்னுக்கு நிற்பதும், பெட்டையள் பெடியளை விட நன்றாகச் செய்வதும், மக்ரெப், துருக்கிப் பெடியள் இடையில் விழுவதும் தெரிகிறது. எங்களுக்கென்று ஒரு வரிசை அதில் இல்லை. ஆனாலும் லாச்சப்பலில் தேத்தண்ணி குடிக்கிற எந்த அண்ணையைக் கேட்டாலும் "எங்கட பிள்ளையள் எல்லாம் டொக்டர், எஞ்சினியர்" என்பார். பேப்பரில் வாழ்த்து வருகிற பிள்ளையை எண்ணுகிறோம். தொழில் லிசேக்கு அனுப்பப்பட்ட பிள்ளையை ஆர் எண்ணியது? எனக்குத் தெரிந்த ஒருவரின் மகன், கணக்கில் நல்ல கெட்டிக்காரன். மூன்றாம் வகுப்பு முடிவில் பெற்றோரைக் கூப்பிட்டுக் கதைத்தார்கள். மொழிபெயர்த்தது அந்தப் பெடியனேதான். "அப்பா சமையல்காரர்தானே, இவனுக்கும் அது பிடிக்கும்" என்று அங்கே ஒருவர் அன்பாகச் சொல்லியிருக்கிறார். தகப்பன் தலையாட்டிவிட்டு வந்தார். பதினாறு வயதில் அவன் சமையல் படிக்கத் தொடங்கினான். சமையல் கேவலமான தொழில் என்று நான் சொல்லமாட்டேன், பதினேழு வருடமாக அதில்தான் சோறு தின்கிறேன். ஆனால் ஒரு வக்கீலின் பிள்ளையைப் பார்த்து ஒருவரும் அப்படி அன்பாகச் சொல்வதில்லை.

2007இல் சார்கோசி வந்து கார்த் ஸ்கொலேரைத் தளர்த்தினார். பெற்றோருக்குச் சுதந்திரம், ஏழைப் பிள்ளைக்கும் நல்ல பள்ளிக்குப் போக வாய்ப்பு என்றார்கள். கலவரத்துக்குப் பிறகு 2006இல் மிகவும் கஷ்டப்பட்ட கொலேஜ்கள் 249ஐத் தெரிந்தெடுத்துத் தனித் திட்டம் போட்டிருந்தார்கள், பிறகு அது 254 ஆனது. 2009இல் கணக்காய்வு மன்றம் பார்த்தபோது அந்த 254இல் 186 கொலேஜ்கள் நூற்றுக்குப் பத்து வரை பிள்ளைகளை இழந்திருந்தன. போனவர்கள் ஆர்? விண்ணப்பம் எழுதத் தெரிந்த பெற்றோரின் பிள்ளைகள். மிஞ்சியவர்கள் இன்னும் ஏழைகளாக, இன்னும் ஒரே மாதிரியாக மிஞ்சினார்கள்.

எங்கட ஆக்கள் விண்ணப்பம் எழுதுவதில்லை. விலாசம் எடுப்பார்கள். பதினைந்தாம் வட்டாரத்தில் இருக்கிற மச்சானின் மின்சாரக் கட்டணச் சிட்டை, ஒரு கடிதம், கதை முடிந்தது. இதைப் பற்றி எழுதியதற்கு என்னை ஏசப்போகிறவர்கள் ஏசுங்கள். எல்லாருக்கும் தெரிந்ததுதான். வெள்ளைக்காரர் கத்தோலிக்கப் பள்ளிக்குக் காசு கட்டிச் செய்வதை எங்கட ஆக்கள் மச்சானை வைத்துச் செய்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஏன் ஓடுகிறீர்கள் என்று கேட்டால் "அங்க முழுக்கக் காப்பிலியும் அடையாரும்" என்று பதில் வரும். இந்தச் சொல்லைக் கேட்கிறபோது எனக்குக் கூசுகிறது. என்னோடு குசினியில் நிற்கிற மாலிக்காரன் தன்ர மகனை அனுப்புகிற கொலேஜைப்பற்றித்தான் இப்படிச் சொல்லுகிறார்கள். அவன் அங்கே போகிற மற்றப் பிள்ளைகளைப் பற்றி என்ன சொல்லுகிறானோ, நான் கேட்டதில்லை.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். கல்வி அமைச்சின் புள்ளிவிபரப் பிரிவு 2016இல் சமூக நிலைச் சுட்டெண் என்று ஒன்றை உருவாக்கியது. பிரெஞ்சு எழுத்துகளில் சுருக்கி இ.பே.எஸ். என்பார்கள். பிள்ளையின் நிறமோ பெயரோ மதமோ அதில் இல்லை. தாய் தகப்பனின் தொழில் மட்டும். வெவ்வேறு தொழில் வீடுகளில் சராசரியாக என்ன படிப்பு, எத்தனை புத்தகம், எத்தனை அறை என்றெல்லாம் ஆய்வுகளில் பார்த்து ஒவ்வொரு சோடித் தொழிலுக்கும் ஒரு எண் கொடுத்தார்கள். பொறியியலாளர், ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகள் உச்சியில். வேலையில்லாதவர்களின் பிள்ளைகள் அடியில். ஒரு கொலேஜில் உள்ள பிள்ளைகள் எல்லாரின் எண்ணையும் சராசரி பார்த்தால் அதுதான் அந்தக் கொலேஜின் எண். நாட்டின் சராசரி நூறுக்குச் சற்று மேலே.

இந்த எண்ணை அமைச்சு ஒளித்து வைத்திருந்தது. ஒரு பத்திரிகையாளர் கேட்டார், மறுத்தார்கள். அவர் பாரிஸ் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போனார். 2022 ஜூலையில் வெளியிடச் சொல்லித் தீர்ப்பு வந்தது. ஒக்ரோபரில் நாட்டின் எல்லாக் கொலேஜ்களின் எண்ணும் வெளியே வந்தது. அடியில் ஐம்பதுகள், உச்சியில் நூற்றைம்பதுகள். உச்சியில் கிடந்தவற்றில் கூடுதலானவை பாரிசின் தனியார் கொலேஜ்கள். அன்றைக்குப் பத்திரிகைகள் எல்லாம் அதிர்ச்சி என்று எழுதின. மெத்ரோவில் ஒரு தரமாவது காலை எட்டு மணிக்குப் போன ஒருவருக்கும் அதில் அதிர்ச்சி இருந்திருக்காது.

எனக்கு அந்த எண் பிடித்திருக்கிறது. அது தமிழன், மாலிக்காரன் என்று பார்க்கவில்லை. சமையல்காரன் என்று பார்க்கிறது. அதற்குக் கண் தெரியாத விடயங்களும் உண்டு. வீட்டில் என்ன மொழி என்று தெரியாது. தகப்பன் மூன்று வருடம் பல்கலைக்கழகத்தில் இருந்தவன் என்று தெரியாது, தாய் ஊரில் வாத்தியாராக இருந்து இங்கே கந்தோர் கூட்டுகிறாள் என்றும் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது என்றும் ஒரு பக்கம் நினைக்கிறேன்.

2023இல் இன்னொரு எண்ணையும் வெளியிடத் தொடங்கினார்கள். ஒரு கொலேஜின் பிள்ளைகளுடைய குடும்ப நிலையையும் ஆறாம் வகுப்புக்கு வந்தபோது இருந்த மட்டத்தையும் வைத்துப் பார்த்தால் பிரெவேயில் எவ்வளவு எதிர்பார்க்கலாம், உண்மையில் எவ்வளவு வந்தது என்ற வித்தியாசம். சித்தி வீதத்தை மட்டும் பார்த்து "நல்ல கொலேஜ்" என்று சொல்கிறவர்கள் இதைப் பார்க்கவேண்டும். பெயர் பெற்ற சில கொலேஜ்கள் பிள்ளைகளுக்குப் புதிதாக ஒன்றும் கூட்டிக் கொடுக்கவில்லை. கெட்டித்தனத்தை வாசலில் வாங்கி மற்ற வாசலால் வெளியே விடுகிறார்கள். ஒருவரும் சீண்டாத சில கொலேஜ்கள் எதிர்பார்த்ததை விடக் கூடச் செய்திருக்கின்றன.

கலந்து படிக்கவிட்டால் என்ன நடக்கும் என்று பாரிசில் செய்தும் பார்த்தார்கள். 2017இல் மூன்று சோடிக் கொலேஜ்கள். 18ஆம் வட்டாரத்தில் பெர்லியோசும் குவாஸ்வொக்சும், மரி கியூரியும் ஜெரார் பிலிப்பும். 19இல் பெர்க்சொனும் பய்ரோனும். ஆம், அந்தப் பய்ரோன்தான். முதல் இரண்டு சோடியில் செய்தது விசித்திரமான வேலை. இரண்டு கொலேஜின் எல்லையையும் ஒன்றாக்கி, ஒரு வருடம் எல்லா ஆறாம் வகுப்புப் பிள்ளைகளையும் ஒரு கொலேஜில் போட்டார்கள், அடுத்த வருடம் எல்லாரையும் மற்றதில். ஆகவே ஒன்றில் ஆறும் நான்கும், மற்றதில் ஐந்தும் மூன்றும். தெருவின் எந்தப் பக்கம் இருந்தாலும் ஒரே வகுப்பு. குவாஸ்வொக்ஸ் பக்கத்துப் பெற்றோர் எதிர்த்துக் கூட்டம் போட்டார்கள், பதாகை கட்டினார்கள். எல்லாரும் தனியாருக்கு ஓடிவிடுவார்கள் என்று பயமுறுத்தினார்கள். பிறகு ஆய்வாளர்கள் பார்த்தபோது, மூன்றில் இரண்டு சோடியில் பிள்ளைகள் உண்மையில் கலந்திருந்தார்கள், பயந்த அளவு ஓட்டம் நடக்கவில்லை. கியூரி, பிலிப் சோடியில் சரிவரவில்லை. லாச்சப்பலில் இருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிற சோடி அது. துலூஸில் இன்னும் ஒரு படி மேலே போய், ரெனெறி, பெல்ஃபொந்தேன் குடியிருப்புகளில் இருந்த இரண்டு கொலேஜ்களை மூடிவிட்டுப் பிள்ளைகளை பஸ்ஸில் நகரத்துக் கொலேஜ்களுக்கு அனுப்பினார்கள்.

நாட்டின் பல இடங்களில் நடந்த இப்படியான முயற்சிகளை ஒன்றாகப் பார்த்த ஆய்வொன்று 2023 ஏப்ரலில் வந்தது. வசதியான பிள்ளைகளின் புள்ளி குறையவில்லை. வசதி குறைந்த பிள்ளைகளின் புள்ளி பெரிதாகக் கூடவும் இல்லை. ஆனால் பள்ளியில் சந்தோசமாக இருப்பது, தன்னில் நம்பிக்கை, கூட்டாளிமார் எல்லாம் கூடியிருந்தது. புள்ளி கூடாத ஆய்வை எங்கட சனத்துக்கு விற்பது கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

அந்த நேரம் கல்வி அமைச்சராக இருந்த பாப் என்டியாய் தனியார் பள்ளிகளையும் இதற்குள் கொண்டுவரப் பார்த்தார். மே மாதம் கத்தோலிக்கப் பள்ளிகளோடு ஒரு இணக்கப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தார், அதில் பல்லில்லை. ஜூலையில் அவரையே மாற்றிவிட்டார்கள். 2024 செப்டெம்பரில் ஆறாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பிரெஞ்சுக்கும் கணக்குக்கும் மட்டம் பார்த்துக் குழுக்களாகப் பிரிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. "தேவைக் குழு" என்று நாகரிகமாகப் பெயர் வைத்தார்கள். கன கொலேஜ்களில் வாத்திமார் செய்யமாட்டோம் என்று இழுத்தடித்தார்கள். 1977இல் பூட்டிய கதவுக்கு இன்னொரு திறப்பு வெட்டுகிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது.

விலாசம் எடுக்கிற ஆக்களுக்குக் கடைசியாக ஒரு தகவல். பாரிசில் பொது லிசேக்கான இடங்களை அஃபெல்நெத் என்ற கணினி முறை பங்கிடுகிறது. 2021இல் இருந்து அதற்குள் பிள்ளை படித்த கொலேஜின் இ.பே.எஸ். எண்ணும் சேர்க்கப்பட்டது. கொலேஜின் எண் எவ்வளவு கீழேயோ அவ்வளவு மேலதிகப் புள்ளி. உதவிப்பணம் பெறுகிற பிள்ளைக்கு அதற்கு மேலேயும். 2022இல் இருந்து லூயி-லெ-கிரோன், ஆன்றி கத்ர் போன்ற பெயர்பெற்ற லிசேகளும் இதே முறைக்குள் வந்துவிட்டன. மச்சானின் சிட்டையைக் காட்டிப் பதினைந்தாம் வட்டாரத்துக் கொலேஜில் பிள்ளையைச் சேர்த்தால் இந்தப் புள்ளி கிடையாது. கனபேருக்கு இது தெரியாது. தெரிந்த வெள்ளைக்காரப் பெற்றோர் சிலர் இப்போது எதிர்த் திசையில் கணக்குப் போடத் தொடங்கிவிட்டார்கள் என்று வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில் ஒரு மனுசி சிரித்துக்கொண்டு சொன்னாள்.

இரண்டு எண்களும் கல்வி அமைச்சின் தரவுப் பக்கத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. கொலேஜின் பெயரைப் போட்டால் வரும். பிரெஞ்சு வாசிக்கக் கஷ்டமென்றால் பிள்ளையைக் கேளுங்கள்.